மதுரையைச் சுற்றி ஒரு நாள்

யானைமலையைப் பார்க்காத மதுரைக்காரர் உண்டோ என்று கேட்டால், இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உண்டு என்று நான் சொல்லுகிறேன். அந்த ஆசாமி வேறு யாருமல்லர், நானேதான்.

முப்பது ஆண்டுக் காலம் மதுரையில் ஆசிரியத் தொழில் பார்த்தவன் நான். மேலூருக்குக் கிழக்கே உள்ள என் தாய்மாமன் ஊருக்கு எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒத்தக்கடையை நெருங்கும்போது இடப்புறம் ஒரே பாறையாக, துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் வேழம் போல யானைமலை தோன்றும். "ஒத்தக்கடை வந்துவிட்டது, இனி மேலூர் தொலைவில் இல்லை" என்று சன்னல் வழியே நேரத்தைக் கணக்கிட்டுக் கொண்டதைத் தவிர, அந்த மலைக்கு நான் வேறு மரியாதை எதுவும் செய்ததில்லை. மைல் கல்லைப் பார்ப்பது போல மலையைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்ததாகச் சொல்லலாமா?

உள்ளூர்க்காரன் நிலை இதுவானால், வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? பெரிய பஸ்களில் நாற்பது பேர், ஐம்பது பேர் என்று வருகிறார்கள். விடியற்காலையில் வந்து இறங்கி, அங்கயற்கண்ணியைத் தரிசித்து, திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் கட்டிப் பிடித்துப் பார்த்து, ஒரு குவளை ஜிகர்தண்டாவும் அருந்திவிட்டுப் பிற்பகலில் இராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள சமவெளி, அவர்களுக்கு இரண்டு ஊர்களுக்கு நடுவே கண்ணயரும் இடம். அவர்கள் விழித்துக் கொண்டிருந்தாலும் அவ்வளவு பெரிய வண்டி கண்மாய்க் கரைக்கு எப்படிப் போகும்?

இதற்கு மாறாக ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்று என் நண்பர் ஒருவர் எண்ணினார். பன்னிரண்டு பேர் அமரக் கூடிய ஒரு வேன். ஒரு பகல். கோயில் குளம் என்று பட்டியல் போட்டுக் கொண்டு ஓடாமல், மதுரைக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நாட்டுப்புறத்தை நின்று நின்று பார்ப்பது. "நீங்கள் உடன் வந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று என்னை அழைத்தார். சொல்வதற்கு என்னிடம் நூலறிவு கொஞ்சம் இருந்தது. கண்ணால் கண்ட அறிவுதான் குறைவு. அந்த உண்மையை மறைத்துக் கொண்டு ஒப்புக் கொண்டேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பனி விலகாத காலை. எங்கள் குழுவில் சென்னையிலிருந்து வந்த ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும், கோவையைச் சேர்ந்த இளம் தம்பதிகள், ஒரு பெண் மருத்துவர், ஆசிரியைகள் மூவர் இருந்தனர். மலேசியாவிலிருந்து வந்த ஒரு பெரியவரும் இருந்தார். அவருடைய பாட்டனார் இந்தப் பக்கத்திலிருந்துதான் இரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறினாராம். ஊர்ப் பெயர் தெரியாது. "மேலூர்ப் பக்கம்" என்பது மட்டும் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. கையில் சிறு குறிப்புப் புத்தகத்தோடு வந்திருந்தார். அவரோடு நண்பரும் நானும் சேர்ந்து வண்டியில் ஓர் இருக்கை கூட மீதமில்லை.

அழகர் கோயில் சாலையில் வண்டி புறப்பட்டது. இந்தச் சாலை ஒரு தெய்வத்தின் பயணச் சாலை. சித்திரை மாதத்தில் அழகர் மலையிலிருந்து கள்ளழகர் இந்த வழியாகவே வைகைக்கு வருகிறார். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தூரம். மோட்டார் வண்டிக்கு அரை மணி; அழகருக்கோ முழுதாக ஓர் இரவும் பகலும் போதவில்லை. ஏன்? நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் அவர் நின்று நின்று வருகிறார். வேளாளர் வைத்த பந்தல், வணிகர் கட்டிய மண்டபம், தெருவார் போட்ட கொட்டகை எதையும் அவர் தாண்டிப் போவதில்லை. எங்கள் வண்டி ஓட்டுநரோ வேகத்தில் பிரியமுள்ள இளைஞர். "அய்யா, இங்கெல்லாம் பார்க்க ஒன்றுமில்லை, நேரே கோயிலுக்குப் போய்விடலாமா?" என்றார். அன்று நாங்கள் கோயிலுக்குப் போவதாகவே இல்லை என்று அறிந்தபோது அவருக்கு எங்கள் மீது ஓர் ஐயமே உண்டாகிவிட்டது.

முதலில் நின்ற இடம் கள்ளந்திரி. பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் சாலையைக் கடக்கும் இடம். கால்வாய்க் கரையில் ஏறி நின்றால் இருபுறமும் நெல் வயல். சில தாக்குகளில் அறுவடை நடந்து கொண்டிருந்தது. சிலவற்றில் கதிர் தலை சாய்ந்து பனி சொட்டிக் கொண்டிருந்தது. கோவைப் பெண் புகைப்படம் எடுத்துக் கொண்டே, "எவ்வளவு இயற்கையான அழகு!" என்றார். இயற்கைதான், ஆனால் முழுவதும் இயற்கையன்று. மேற்கே கேரளக் கடலில் போய்க் கலக்க வேண்டிய பெரியாற்றை முல்லைப் பெரியாற்று அணையால் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்க வழியாகக் கிழக்கே திருப்பி, வைகையில் சேர்த்து, பேரணையிலிருந்து வெட்டிய கால்வாயில் இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள். அணை 1895-ஆம் ஆண்டில் முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் பெயரால் தைத் திங்களில் பொங்கலிடும் ஊர் தேனி மாவட்டத்தில் இன்றும் உண்டு. இந்தப் பகுதி விவசாயிகள் கணக்கில் கள்ளந்திரிதான் எல்லைக் கல். கள்ளந்திரி வரை இரு போகம். அதற்கப்பால் மேலூர் வரை ஒரு போகம். தண்ணீர் வந்த தேதியை வைத்தே கல்யாணத் தேதியை முடிவு செய்கிற நாடு இது.

அங்கிருந்து சிறு சாலை ஒன்று கிழக்கே திரும்புகிறது. பனையும் வேலமரமும் மாறி மாறி வந்தன. மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்தில் வண்டியை விட்டு இறங்கி நடந்தோம். எதிரே ஓவாமலை. ஏறுவதற்குச் சற்றுக் கடினமான மலைதான். வங்கி அதிகாரி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் இயற்கைக் குகைகளை அடைந்தோம். குகையின் தரையில் பாறையைச் சமன் செய்து வெட்டிய படுக்கைகள். அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் தமிழ்ப் பிராமி எழுத்துகள் ஏறத்தாழ 2,200 ஆண்டு வயது உடையவை. 1882-இல் இராபர்ட் சூவெல் என்ற ஆங்கில அதிகாரி இவை இருப்பதை வெளி உலகுக்கு அறிவித்தார். அந்த எழுத்துகள் தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக் காட்டினார். கணி நந்தாசிரியன் என்னும் சமண முனிவருக்கு, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி இந்தப் பள்ளியைச் செய்து கொடுத்தான் என்கிறது ஒரு கல்வெட்டு. வெள்ளறை வணிகர் குழுவினரின் கொடையும் இங்கே பதிவாகி இருக்கிறது. புலவர் பாட்டில் மட்டும் கேட்டு வந்த ஒரு பெயர் பாறையில் எழுத்தாக நிற்பதைக் கண்டபோது, முப்பது ஆண்டு இலக்கியம் சொல்லிக் கொடுத்த என் நாவுக்கு ஒரு வார்த்தையும் எழவில்லை. விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றியது, தொடவில்லை.

சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு வருகிறார்கள். மாங்காட்டு மறையோன் அவர்களுக்கு மூன்று வழிகளை விரித்துச் சொல்கிறான். அவற்றுள் இடப்பக்கத்து வழி திருமால் குன்றத்தை, அதாவது இந்த அழகர் மலையை ஒட்டி வருவது. யோசித்துப் பாருங்கள்: மூன்றே பேர் கொண்ட ஒரு சிறு பயணக் குழு! அதில் ஒருவர் சமணத் துறவி. அவர் போன்றவர்கள் தங்கிய படுக்கைகளே இவை. எந்தச் சோலையில் எந்த நீர் உண்டு, எந்த வழியில் எந்த இடையூறு உண்டு என்று வழிப்போக்கருக்கு ஒருவன் நின்று சொல்லவும், அவர்கள் நின்று கேட்கவும் அன்று பொழுது இருந்தது.

கீழே இறங்கி வந்தோம். உச்சிப் பொழுதில் அரிட்டாபட்டியை அடைந்தோம்.

நேயர்களே, இந்த ஊரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏழு மலைகள் சூழ்ந்த ஊர். எழுபத்திரண்டு நீர்நிலைகள், இருநூறு சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசின் அறிவிக்கை கணக்குச் சொல்கிறது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலப்பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். அவற்றுள் வல்லூறு, இராசாளி முதலிய வேட்டைப் பறவைகளும் உண்டு. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கே வாழ்கின்றன. நாங்கள் தேவாங்கைப் பார்க்கவில்லை. பகலில் வெளிவராத பிராணி அது. ஆனால் பாறை முகட்டின் மேலே சிறகு அசைக்காமல் வட்டமிட்ட ஒரு பெரிய பறவையை எல்லாரும் பார்த்தோம். அதன் பெயரைப் பற்றி ஆசிரியைகள் மூவருக்கும் மூன்று அபிப்பிராயங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு குடைவரைச் சிவன் கோயில். கருவறை இலிங்கம் தாய்ப்பாறையிலேயே செதுக்கியது. வாயிலுக்கு அருகே இலகுலீசர் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைக்கும் வடிவம். மலையின் வேறொரு பக்கத்தில் சமண தீர்த்தங்கரர் உருவமும், அதைச் செய்வித்த அச்சணந்தியின் பெயர் தாங்கிய வட்டெழுத்தும். குகையின் நெற்றியில் நெல்வேலியைச் சேர்ந்த ஒருவன் அதைக் கொடையளித்த செய்தி, தமிழ்ப் பிராமியில். சைவம் ஒரு சரிவில், சமணம் மற்றொரு சரிவில். இரண்டுக்கும் நிழல் தந்தது ஒரே பாறை.

இவற்றையெல்லாம் விட என்னை நிறுத்தி வைத்தது ஆனைகொண்டான் கண்மாய்தான். அதன் கரை மேல் ஒற்றை வரிசையாக நடந்தோம். தண்ணீர் நிறைந்து மலையின் நிழல் அதில் தலைகீழாக நின்றது. நாங்கள் நின்ற இடத்தில் மடையைக் காட்டி, அருகே இருந்த ஓர் உழவர் நீரின் வழியைச் சொன்னார். வானத்து மழை வெறும் பாறையில் விழுகிறது. பாறை ஒரு சொட்டையும் குடிப்பதில்லை, அப்படியே வடித்துக் கீழே விடுகிறது. வரத்துக்கால் அதை வாங்கி மேல் கண்மாயில் சேர்க்கிறது. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கும் அடுத்தது. பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டு ஊர்களுக்கு இந்தச் சங்கிலிதான் சோறு. சங்கிலியின் முதல் கண்ணி எது? கண்மாய் அன்று, மலை. மொட்டைப் பாறையாய், பயிர் விளையாத தரிசாய், அரசாங்கக் கணக்கில் புறம்போக்காய் நிற்கிற மலை.

இந்த மலைகள் போகும் காலம் ஒன்று மிக நெருங்கி வந்தது. டங்ஸ்டன் என்று ஓர் உலோகம். உலோகங்களிலேயே மிக அதிக வெப்பத்தில், 3,400 டிகிரிக்கும் மேலே சென்றுதான் உருகும். கடைசல் கருவிகளுக்கும் படைக்கலங்களுக்கும் அது தேவை. உலக உற்பத்தியில் பெரும் பங்கு சீனத்தின் கையில் இருப்பதால் அதைத் தேடி எல்லா நாடுகளும் அலைகின்றன. அந்த உலோகத்துக்காக, அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கி ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பை மைய அரசு ஏலத்தில் விட்டு, 2024 நவம்பரில் ஏலம் எடுத்தவர் பெயரையும் அறிவித்தது. பல்லுயிர்த் தலமாக அறிவித்து இரண்டே ஆண்டு! ஊர் ஊராக மக்கள் கூடினார்கள். டிசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் நாள் மேலூர்ப் பகுதி உழவர்கள் பல்லாயிரவர் மதுரை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ஆம் நாள் ஏலம் இரத்து செய்யப்பட்டது.

இந்தச் செய்தியை நான் கண்மாய்க் கரையில் நின்று விவரித்துக் கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்கள் அருகே வந்து நின்று கேட்டார். வங்கி அதிகாரி கணக்கு அறிந்த மனிதர். அவர் அவமரியாதையாக இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்: "ஏன் பாட்டி, மலையைக் கொடுத்தால் உங்களுக்கெல்லாம் பணம் வந்திருக்குமே?"

மூதாட்டி சிரித்தார். "பணம் வரும்யா. மழை வந்தா அது எங்க போயி நிக்கும்? மலையில நின்னுதான்யா எங்க கம்மாய்க்கு எறங்கி வருது" என்றார்.

அதிகாரி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரங்கழித்து என்னிடம், "இந்த வரவை எந்தப் பேரேட்டிலும் எழுத இடமில்லை, சார்" என்றார். மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரைக்கு அந்தப் பாட்டி கொடுத்த பனங்கிழங்கைத் தொட்டுக் கொண்டது எந்தச் சமையல் நூலிலும் இல்லாத சேர்க்கை. ஆனால் நன்றாகவே இருந்தது.

திட்டப்படி அங்கிருந்து மதுரை திரும்பியிருக்க வேண்டும். பொழுது மிச்சம் இருந்தது. மலேசியப் பெரியவர் "மேலூருக்குக் கிழக்கே கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா? எந்த ஊரானாலும் சரி" என்று கேட்டார். என் தாய்மாமன் ஊர் அந்தத் திசைதான். வேறு வழியின்றி அதைச் சொன்னேன். வேறு வழியின்றி என்று ஏன் சொல்லுகிறேன் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

நான் பிள்ளையாக இருந்தபோது கோடை விடுமுறை முழுவதும் அம்மாச்சி வீட்டில்தான். ஊருக்கு வடக்கே ஒரு பாறைக் குன்று இருந்தது. யானைமலை போலப் பேர் பெற்றதன்று. பத்துப் பனை உயரம் கூட இராது. ஊரார் அதை மொட்டைப்பாறை என்பார்கள். அறுத்த நெல்லையும் எள்ளையும் அதன் சரிவில் காய வைப்பார்கள். மழை பெய்தால் அதன் உச்சியிலிருந்து வெள்ளி நூல் போல நீர் இறங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாச்சி, "கம்மாய் இந்த வருசம் பெருகிரும்" என்று சொல்வாள். அந்தப் பாறையில் சமணர் படுக்கை இல்லை, வட்டெழுத்து இல்லை, அரசன் பெயர் இல்லை. யாரும் அதைத் தேடி வந்ததில்லை.

தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. பாறையைக் கிரானைட் எடுக்க விட்டுவிட்டார்கள். வெடி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். நீ படித்தவன், மதுரையில் யாரையாவது பார்த்து ஒரு மனு எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஆண்டுத் தேர்வு நேரம். தேர்வு முடிந்ததும் வருகிறேன் என்று பதில் எழுதினேன். தேர்வு முடிந்தது, விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது, அதற்குப் பின் வீட்டிலே ஒரு கல்யாணம். நான் போகவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு மாமாவின் காரியத்துக்குத்தான் போனேன். போனவன் வடக்குப் பக்கம் எட்டிப் பார்க்காமலே திரும்பினேன்.

மேலூர் வட்டாரத்தில் கிரானைட் எடுத்த கதை பின்னர் நாடறிந்ததாயிற்று. அனுமதித்த அளவுக்கு மேல் வெட்டியது பற்றி 2012-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் எழுதிய அறிக்கை வெளிவந்தது. 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை அலுவலராக அமர்த்தியது. வழக்குகளின் வரலாற்றை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. எந்த வழக்கும் குன்றைத் திரும்பக் கொண்டு வந்து நிறுத்தாது.

என் மாமன் மகன் எங்களை வாயிலில் வந்து எதிர்கொண்டார். பன்னிரண்டு பேர் திடீரென்று வந்து இறங்கியதில் அவருக்குச் சிறிதும் சலிப்பு இல்லை. அத்தனை பேருக்கும் காப்பி வந்தது. பிறகு அவர், "வாங்க மச்சான், பாறையைப் பார்த்துட்டு வருவோம்" என்றார். இல்லாத ஒன்றைப் பாறை என்றே அவர் இன்னும் சொல்கிறார்.

குன்று இருந்த இடத்தில் ஒரு பள்ளம். சுவர் வைத்தாற்போல நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பள்ளம். அடியிலே பச்சை நிறத் தண்ணீர். அழகாகக் கூட இருந்தது என்று சொல்ல வேண்டும். கோவை இளைஞர் புகைப்படக் கருவியை எடுத்தவர், மாமன் மகனின் முகத்தைப் பார்த்து அதைப் பைக்குள் வைத்துவிட்டார். அந்தத் தண்ணீர் எந்த மடைக்கும் போவதில்லை. மழை நீர் பள்ளத்தில் விழுந்து அங்கேயே கிடக்கிறது. கீழே இருந்த கண்மாய்க்கு வரத்துக்கால் அறுந்துவிட்டது. கண்மாயில் இப்போது சீமைக் கருவேலம். கரை மட்டும் இருக்கிறது, கட்டிய தலைமுறையின் சாட்சியாக.

பள்ளத்தின் ஓரத்தில் விலை போகாமல் விட்டுப் போன கற்கள் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. அவற்றின் மீது வெள்ளைச் சாயத்தில் எண்களும் ஆங்கில எழுத்துகளும். மழையில் பாதி அழிந்திருந்தன. காலையில் ஓவாமலையில் 2,200 ஆண்டாக அழியாத எழுத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணால், மாலையில் இந்த எழுத்தைப் படித்தேன். என் அம்மாச்சியின் பாறைக்குக் கடைசியில் கிடைத்த கல்வெட்டு இதுதான். மற்றக் கற்கள் எந்த நாட்டில் எவர் வீட்டு அடுக்களை மேடையாக, எவருடைய கல்லறைப் பலகையாகப் போயினவோ!

பெண் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "இதில் ஒரு கல்வெட்டு இருந்திருந்தால் தப்பியிருக்குமா?" நியாயமான கேள்வி. மைய அரசின் பாதுகாப்புச் சின்னம் என்று ஓரிடம் அறிவிக்கப்பட்டால், அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் சுரங்கம் தோண்டக் கூடாது. 2010-இல் திருத்திய சட்டம் அப்படிச் சொல்கிறது. எழுத்துள்ள பாறைக்கு அந்த வேலி உண்டு. எள் காய வைத்த பாறைக்கு எந்த வேலி? அதை அறிந்தவர்கள் அந்த ஊரார் மட்டுமே. அவர்கள் தெரிந்த ஒரு படித்தவனுக்குக் கடிதமும் எழுதினார்கள். அந்தப் படித்தவன் யார் என்பதை நான் அவரிடம் சொன்னேன். எல்லாரும் கேட்கத்தான் சொன்னேன். மாமன் மகன் மட்டும், "அதை விடுங்க மச்சான், நீங்க ஒருத்தர் வந்து என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றார். அவர் பெருந்தன்மை அவருக்கு. எனக்கு அதில் பங்கில்லை.

மலேசியப் பெரியவர் தம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அந்தக் குன்றின் பெயரைக் கேட்டார். மாமன் மகன் சொன்னார். பெரியவர் தமிழில் எழுதினார், "மொட்டைப்பாறைதானே? ஒற்று மிகுமா?" என்று என்னிடம் காட்டிச் சரிபார்த்துக் கொண்டார். அவருடைய பாட்டனார் எந்த ஊர் என்பது அன்றும் தெரியவில்லை. "இருக்கட்டும், இந்தப் பெயர் ஒன்று கிடைத்ததே" என்றார்.

திரும்பும் வழி நெடுஞ்சாலை. வண்டிக்குள் பேச்சு இல்லை. ஒத்தக்கடைக்கு முன்னே வலப்புறம் யானைமலை தெரிந்தது. மேற்கே சாய்ந்த கதிரவன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்கிக் கொண்டிருந்தான். அந்த மலைக்கும் ஒரு சமயம் ஆபத்து வந்தது. 2010-ஆம் ஆண்டளவில் அதை வெட்டிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு திட்டம் எழுந்தபோது நரசிங்கம் முதலிய ஊர்களின் மக்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் பின்னேதான் 'பசுமை நடை' என்னும் அமைப்பு தோன்றி, மதுரைக்காரர்களை இந்தக் குன்றுகளுக்கு நடத்தி அழைத்துச் செல்லத் தொடங்கியது. அதன் நடைகளில் கலந்து கொள்ளாதவர்களில் நானும் ஒருவன் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மலையடியிலே யோக நரசிங்கர் குடைவரை இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன்காரி அதைக் குடையத் தொடங்கினான். முடிவதற்குள் இறந்து போனான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைச் செய்து முடித்து, கி.பி. 770-இல் குடமுழுக்குச் செய்தான். அண்ணன் விட்டுச் சென்றதைத் தம்பி முடித்ததாக வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் அங்கே பொறித்திருக்கிறார்கள். இதை வண்டியில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் வண்டி வேகம் குறைந்து சாலையோரம் நின்றது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, இறங்கி வந்து கதவைத் திறந்தார். "வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்க அய்யா, யானையைப் பார்த்துட்டுப் போகலாம்" என்றார்.